கட்டையில் முளைத்த காளானும் கடனும்

பி.காம் மாணவனுக்குக் காளானோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். முதலும் நஷ்டமும் இருக்கும் இடமெல்லாம் எங்கள் பாடம்தான்!

ஷிடாகே, ஓக் போன்ற கடின மரக் கட்டைகளில் வளரும் காளான். எடோ காலத்தில் (1603-1868) ஜப்பானிய உழவர்கள் மரத்தைச் சாய்த்து, பட்டையில் கோடாரியால் கொத்திவிட்டுக் காட்டிலேயே போட்டு வைப்பார்கள். காற்றில் வரும் வித்துத்துகள் அந்த வெட்டில் விழுந்தால் காளான். விழாவிட்டால் மாதக்கணக்கில் காத்திருந்ததும் கடனும்தான் மிச்சம். 20-ஆம் நூற்றாண்டிலும் பலர் இப்படித்தான் பிழைத்தார்கள்.

கியோட்டோவில் வேளாண்மை படித்துக்கொண்டிருந்த மோரி கிசாகு, ஓய்டா பகுதிக்குப் போனபோது, கட்டைகளின் முன் கும்பிட்டு நின்ற உழவர்களைப் பார்த்தார். அந்தக் காட்சி அவரை விடவில்லை. 1942-ல் வழி கண்டார். காளான் பூசணத்தைத் தனியே வளர்த்து, சிறு மர ஆப்புகளில் ஏற்றி, கட்டையில் துளையிட்டு அடித்துவிட வேண்டும். வேறு பூசணம் புகுமுன் இது கட்டையைப் பிடித்துக்கொள்ளும்.

இன்று வீட்டுக் கொல்லையில் கட்டை வைத்து ஷிடாகே வளர்ப்பவர்களும் பெரும்பாலும் இந்த ஆப்பைத்தான் அடிக்கிறார்கள். முதல் காளானுக்கு இப்போதும் ஓரிரு வருடம் ஆகலாம். ஆனால் கட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து காத்திருக்கலாம்.

'ரிஸ்க்' என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். புரிந்தது, கும்பிட்ட அந்தக் கைகளைப் பற்றிப் படித்தபோதுதான்.