வேங்கடம் கடந்தோர்

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்துரைக்கின்றது. எல்லையாயினும் அம்மலை வழியை அடைக்கவில்லை என்பதற்கு அகநானூறு சான்று. மாமூலனார் முதலிய புலவர் பெருமக்கள், புல்லி என்பான் ஆண்ட வேங்கடத்தைக் கடந்து, வேற்றுமொழி வழங்கும் நாட்டிற்குப் பொருள்தேடிச் சென்ற தலைவரையும், அவர் வரவுநோக்கி வாடிய மகளிரையும் பாடியுள்ளனர். வெம்மை மிக்க சுரத்திற்கும் வழிப்பறிக்கும் அஞ்சாது நடந்த அம்மக்களே நமக்கு முன்னோடிகள்.

கடந்த மார்கழியில் அன்பர் சிலருடன் சித்தூரினின்று புறப்பட்டு, சந்திரகிரிக் கோட்டையைக் கண்டபின், சீனிவாசமங்காபுரத்தை அடுத்த ஸ்ரீவாரி மெட்டு என்னும் பழைய நடைவழியே திருமலை ஏறினோம். படிகள் ஏறத்தாழ 2,400. மலைமேல் மோட்டார்ச் சாலை அமைந்தது 1944-இல்தான். அதற்கு முன் கால்நடையும் டோலியுமே துணை. பாதி வழியில் இளைப்பாறுகையில், உடன்வந்த சிறுவன், "ஐயா, இது நம் ஊரா, வேற்றூரா?" என்று வினவினான். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பயிலும் பிள்ளை அவன். உடனே விடை கூற இயலவில்லை.

திருமலைக் கோயில் வாயிலில் தொங்கும் கடப்பாரையைக் கண்டதும் விடை கிடைத்தது. அது அனந்தாழ்வானுடையது. குளிரும் காடும் மிக்க திருமலையில் தங்கி மலர்த்தொண்டு புரிவார் யார் என்று திருவரங்கத்தில் இராமாநுசர் கேட்டபோது, ஏனையோர் தயங்க, அவர் ஒருவரே எழுந்தார் என்பது வைணவ மரபு. கன்னட நாட்டில் தோன்றியவராகக் கூறப்படும் அவர், மனைவியார் மண் சுமக்க, ஏரி வெட்டி, நந்தவனம் வளர்த்து, அங்கேயே வாழ்ந்து மறைந்தார். பிறந்த ஊர் எதுவாயினும், தொண்டு செய்த ஊர் அவருக்குச் சொந்த ஊராயிற்று.

கோயிற் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. தெலுங்கும் கன்னடமும் அவற்றோடு உடனுறைகின்றன. கீழே எல்லைகளோ பலமுறை மாறின. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைய, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நடைவழி மட்டும் மாறவில்லை.

இறங்குகையில் அச்சிறுவனிடம், "தம்பி, நீ இங்கு ஒரு மரம் நட்டு வளர்த்தால் இது உன் ஊர்" என்றேன். நம் சங்கத்தார்க்கும் நான் கூறுவது அதுவே. தாய்மொழியைப் பேணுவோம், வாழும் ஊருக்குத் தொண்டு புரிவோம்.