தயா சோமசுந்தரம்: தற்கொலை ஆய்வும் பிற வெளியீடுகளும்

தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்தவர். இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் யாழ் போதனா வைத்தியசாலையில் நோயாளரைப் பார்த்துக்கொண்டே எழுதியவர். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பணியாற்றினார். போர் மனிதர்க்கும் ஊருக்கும் என்ன செய்தது என்பதே அவருடைய எழுத்தின் பெரும்பொருள். தற்கொலையை மட்டுமே எடுத்துக்கொண்ட அவருடைய முக்கியக் கட்டுரை நான்கு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். ஆயினும் போரும் தற்கொலையும் பற்றிய ஆய்வுகளில் தவிர்க்க முடியாதது அது.

இராஜதுரையுடன் சேர்ந்து எழுதிய அக்கட்டுரை, வட இலங்கையில் போரும் தற்கொலையும் என்னும் பொருளில் 1995ஆம் ஆண்டு தொடக்கத்தில் 'ஆக்டா சைக்கியாட்ரிக்கா ஸ்கண்டினாவிக்கா' இதழில் வெளிவந்தது. யாழ் குடாநாட்டின் வலிகாம மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்த அவ்வாண்டு ஒக்டோபர் இடப்பெயர்வுக்குச் சில மாதங்களே முந்தியது. அதன் முடிவு பலரும் எதிர்பாராதது: குண்டுவீச்சும் முற்றுகையும் கடுமையாக இருந்த காலத்தில் தற்கொலை வீதம் குறைந்திருந்தது. போர் உச்சத்தில் இருக்கையில் தற்கொலை குறையும் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கேம் 1897இலேயே வாதிட்டிருந்தார். பொது ஆபத்து மக்களை ஒன்றுசேர்க்கிறது என்பது அவர் சொன்ன விளக்கம். அதே வாதத்தை இரு நூற்றாண்டுகளின் எல்லையில் நின்று ஐரோப்பாவுக்குச் சொன்னதற்கும், பதுங்குகுழி வெட்டிய முற்றங்களுக்கு நடுவே சோதித்ததற்கும் வேறுபாடு உண்டு.

இந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இயலாது. மரண விசாரணையும் பதிவும் ஒழுங்காக நடக்காத காலம் அது. இளைஞர் பலர் ஆயுத இயக்கங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டிருந்தனர். பொருளாதாரத் தடையால் தோட்டக்காரருக்குப் பீடைகொல்லி கிடைப்பதும் அரிதாயிற்று. இவற்றில் எது எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டுவது கடினம்; எல்லாப் புகழையும் சமூக ஒற்றுமைக்கே கொடுப்பது அவசரம் என்றே தோன்றுகிறது. போருக்குப் பிந்திய வன்னியிலும் குடாநாட்டிலும் தற்கொலையும் தற்கொலை முயற்சியும் தலைதூக்கியதைச் சோமசுந்தரம் பிற்கால எழுத்துகளில் சிதைந்த குடும்ப, ஊர்ப் பிணைப்புகளோடு சேர்த்துப் பேசுகிறார்.

இத்துறையில் யாழ்ப்பாணத்துக்கு முன்னோடிகளும் உண்டு. வட இலங்கை நகரொன்றின் தற்கொலைகள் பற்றிக் கணேஸ்வரன், சுப்பிரமணியம், மகாதேவன் ஆகியோர் 1984இல் எழுதிய கட்டுரையும் அதே ஸ்கண்டினாவிய இதழில் வந்ததே. 1985இல் கியர்னியும் மில்லரும் நாட்டின் வறண்ட வலயக் குடியேற்ற மாவட்டங்களில் தற்கொலை மிகுந்திருந்ததை உள்நாட்டுக் குடிபெயர்வோடு தொடர்புபடுத்தினர். 1995இல் இலங்கையின் வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என உச்சத்தைத் தொட்டது. கொடிய பீடைகொல்லிகளுக்கு 1995இலும் என்டோசல்பானுக்கு 1998இலும் தடை வந்தபின், பத்தாண்டில் அது பாதியாயிற்று. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டப் பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது.

சிவயோகனுடன் சேர்ந்து 1994இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஒஃப் சைக்கியாட்ரி'யில் சோமசுந்தரம் வெளியிட்ட போர் நெருக்கீட்டு ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆராயப்பட்ட பொதுமக்களில் 41 வீதமானோரிடம் உடல் நோவுகளாக வெளிப்படும் மனத்துயரும், 27 வீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோயும் காணப்பட்டன. தலையிடி, நெஞ்சுநோ என்று வந்தவர்களின் கதையை மருத்துவர் கேட்கப் பழகியதில் இத்தகைய ஆய்வுகளுக்குப் பங்கு உண்டு.

தற்கொலையிலும் மனச்சோர்விலும் மரபணுவுக்கு என்ன பங்கு என்ற கேள்விக்குள் சோமசுந்தரம் செல்லவில்லை. இலங்கையில் அக்கேள்வியை எடுத்தவர் அதுல சுமதிபால. அவர் முன்னின்று நடத்திய கொழும்பு இரட்டையர் ஆய்வு, மனச்சோர்வில் மரபின் பங்கு பெண்களிடம் கணிசமாகவும் ஆண்களிடம் மிகக் குறைவாகவும் இருப்பதாக 2009இல் காட்டியது. சென்னையில் லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் தற்கொலையால் இறந்த 100 பேரை 100 உயிரோடுள்ளவருடன் ஒப்பிட்டு 1999இல் எழுதியபோது, மனநோய், அண்மைய வாழ்வின் இடர்கள் ஆகியவற்றோடு குடும்பத்தில் இருந்த மனநோய் வரலாறும் ஆபத்துக் காரணியாகத் தெரிந்தது.

சோமசுந்தரத்தின் நூல்களில் 'மன வடு' (1993) தமிழில் எழுதப்பட்டது. ராஜன் ஹூல், ஸ்ரீதரன், ராஜினி திராணகம ஆகியோருடன் எழுதிய 'முறிந்த பனை' 1990இல் வெளியானது. அதற்குள் ராஜினி 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். இலங்கைத் தமிழர் மீது போர் ஏற்படுத்திய உளத் தாக்கம் பற்றிய 1998ஆம் ஆண்டு ஆங்கில நூலுக்குப் பின், ஊர்களே அடைந்த வடு பற்றிய நூல் 2014இல் வந்தது. இரண்டையும் சேஜ் நிறுவனமே வெளியிட்டது.