1882: பம்பாயில் வீசாத புயல்

1882 ஜூன் மாதத்தில் பம்பாயைப் பெரும்புயல் தாக்கி ஒரு லட்சம் பேர் மாண்டனர் என்னும் செய்தி, உலகப் பேரிடர்ப் பட்டியல்கள் பலவற்றில் நெடுங்காலம் இடம்பெற்றுவந்தது. 1881ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கள்தொகை 7,73,196. அவ்வாறாயின், ஏறத்தாழ எட்டில் ஒருவர் இறந்திருக்க வேண்டும். கொலாபா வானாய்வகம் 1826 முதலும், இந்திய வானிலைத் துறை 1875 முதலும் இயங்கிவந்தன. இத்தகைய அழிவு அரசு ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் பதிவாகாமல் போயிருக்க வழியில்லை. ஆடம் சோபெல் முதலானோர் 2019இல் வெளியிட்ட ஆய்வும் அப்புயல் நிகழ்ந்ததாகக் கொள்ளவில்லை.

இதனால் மும்பைக்குப் புயலே வாராது என்று முடிவு செய்தல் பிழை. அரபிக்கடற் புயல்களுள் பல ஓமான் நோக்கியோ குஜராத் நோக்கியோ செல்கின்றன. தென்மேற்குப் பருவக்காலத்தில், உயரத்திற்கேற்பக் காற்றின் வேகமும் திசையும் பெரிதும் மாறுபடுவதால் புயல் உருவாவது தடைப்படுகிறது. ஆகவே ஆபத்து பருவமழைக்கு முன்னும் பின்னுமே மிகுதி. 1948 நவம்பரில் மும்பையைப் புயல் தாக்கியது. 2020 ஜூன் 3 அன்று நிசர்கா, நகருக்குத் தெற்கே அலிபாக் அருகே கரைகடந்தது. 2021 மே மாதத்தில் தௌக்தே கடல்வழியே கடந்து சென்றபோதே, மும்பைக்கு அப்பால் பி-305 என்னும் மிதவைக் கலம் மூழ்கிப் பலர் உயிரிழந்தனர்.

மேற்கே குன்றுகளுக்கும் கிழக்கே தானே கழிமுகத்துக்கும் இடையே அமைந்த பாண்டுப் போன்ற பகுதிகளுக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. 1882ஆம் ஆண்டுப் புயலைப் பட்டியலிலிருந்து நீக்குவது வரலாற்றுத் திருத்தம். 1948ஐ மறப்பது வரலாற்றுப் பிழை.