இரண்டு குதிரையும் துருப்பிடித்த ஒரு சேஸிஸும்

பழைய காரை வீட்டிலேயே பிரித்துப் போட்டு மறுபடி ஓட வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், நம் ஊரில் "காசு அதிகம் போலிருக்கிறது" என்பார்கள். பல கார்களுக்கு அது சரிதான். ஆனால் பிரெஞ்சுக்காரர்களின் "தெ ஷெவோ" விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. நாட்டுப்புறத்தில் கைக்குக் கிடைத்த ஸ்பேனரை வைத்துக்கொண்டு பழுது பார்க்கட்டும் என்றே செய்யப்பட்ட கார் அது.

என்னைப் போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சிட்ரோயன் கம்பெனியின் சின்ன கார். பெயருக்கு இரண்டு குதிரை என்று பொருள். இஞ்சின் சக்தி இரண்டு குதிரைதானா என்று கேட்காதீர்கள். அது பிரெஞ்சு அரசாங்கம் வரி போடுவதற்காக வைத்திருந்த காகிதக் குதிரை. முதல் வண்டியின் உண்மையான சக்தி 9 குதிரை. காகிதத்தில் ஒன்று, களத்தில் ஒன்று என்பது முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய எனக்குப் புதிதல்ல.

1934-ல் சிட்ரோயன் கம்பெனி திவாலாகி, டயர் செய்யும் மிஷ்லன் குடும்பத்தின் கைக்குப் போனது. அவர்கள் நியமித்த பியர் பூலான்ஷேதான் இந்தக் காருக்குக் காரணம். அவர் கேட்டது இதுதான்: மரச்செருப்பு போட்ட இரண்டு குடியானவர்களும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் பெட்ரோல்தான் செலவாக வேண்டும். கூடை நிறைய முட்டையோடு உழுத வயலைக் கடந்தாலும் ஒன்றுகூட உடையக் கூடாது. நெட்டையான அவர், தலையில் தொப்பியோடு மாதிரி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து பார்ப்பாராம். தொப்பி கூரையில் இடித்தால் வண்டி திரும்பிப் போகும்.

1939 அக்டோபர் பாரிஸ் கண்காட்சிக்கு வர வேண்டிய வண்டி. செப்டம்பரில் போர் வந்துவிட்டது. ஜெர்மானியர் கையில் சிக்கக் கூடாது என்று மாதிரி வண்டிகளில் பலவற்றை உடைத்தார்கள், சிலவற்றை ஒளித்தார்கள். 1948 அக்டோபர் 7-ஆம் தேதி பாரிஸில் திரை விலகியபோது நின்றது வேறு வண்டி. அலுமினியத்துக்குப் பதில் இரும்புத் தகடு, தண்ணீருக்குப் பதில் காற்றில் குளிரும் 375 சி.சி. இஞ்சின். நிறம் சாம்பல் ஒன்றுதான். பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். ஜனங்களோ வரிசையில் நின்றார்கள். பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

கேலிக்குக் காரணமான அந்த எளிமைதான் இன்று அதைக் காப்பாற்றுகிறது. ரேடியேட்டர் கிடையாது, டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ஆரம்ப கால வண்டியில் பெட்ரோல் முள்கூட கிடையாது, குச்சியை விட்டுத்தான் அளக்க வேண்டும். வைப்பர், ஸ்பீடாமீட்டர் கேபிளில் ஓடும். மட்கார்டு சில போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். முன் கதவை மேலே உருவி எடுக்கலாம். இஞ்சினை இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

என் தங்கை கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், நம் பாஷையில் சொல்தா. நார்மண்டி பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறார். கோழிக் கொட்டகை ஒன்றில் இருபது வருஷமாகக் கிடந்த 1982 மாடல் ஒன்றை வாங்கி வந்தார். அங்கே நான் தங்கியிருந்த ஒன்றரை மாதமும் சனிக்கிழமை தோறும் அவருடைய நண்பர்கள் வருவார்கள். ஒருவர் வெல்டர், ஒருவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், இன்னொருவர் பால் பண்ணைக்காரர். "இந்தத் துரும்பை எதற்கு வாங்கினீர்கள் மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "மேலே இருக்கிற துருவைப் பார்த்துப் பயப்படாதீங்க மச்சான், கீழே இருக்கிறதைத்தான் பார்க்கணும்" என்றார்.

அவர் சொன்னது சரி. இந்தக் காரின் சேஸிஸ் மெல்லிய தகட்டில் செய்த பெட்டி. சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்து தங்கும். குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் போடும் உப்பும் சேர்ந்தால் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே கரையான் தின்ற உத்தரம்தான். நடுவில் தொய்ந்து, கதவு சரியாகச் சாத்தாமல் போனால் கதை முடிந்தது. இந்த வண்டியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்ததும் அது பிடி வரை உள்ளே போயிற்று.

போல்ட்டுகளுக்கு மூன்று நாள் எண்ணெய் விட்டு ஊற வைத்தார்கள். வராதவற்றை வெட்டினார்கள். பிறகு ஆறு பேர், நானும் ஒருவன், பாடியை மட்டும் நான்கு மூலையிலும் பிடித்துத் தூக்கிப் பக்கத்தில் வைத்தோம். ஒரு காரின் மேல்பாகத்தைக் கிரேன் இல்லாமல் கையால் தூக்குவோம் என்று எழுபது வயது வரை நான் நினைத்ததில்லை. தனி ஆள் செய்ய முடியாது, நண்பர்கள் வந்தால் அரை மணி நேர வேலை.

பிரேக் எண்ணெய் ஊற்றுகிற மூடியில் ரயில்வேக்காரர் பச்சை பெயிண்ட்டில் பெரிய புள்ளி வைத்தார். 1981-க்குப் பிறகு டிஸ்க் பிரேக்கோடு வந்த வண்டிகளில் பச்சை நிறக் கனிம எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். சாதாரண பிரேக் எண்ணெய் போனால் ரப்பர் எல்லாம் கெட்டுவிடும். உதவிக்கு வருகிறவர்களில் யாராவது ஒரு நாள் நல்லெண்ணத்தோடு தவறானதை ஊற்றிவிடலாமே!

துத்தநாகம் பூசிய புது சேஸிஸ் விலைக்குக் கிடைக்கிறது. அதை வாங்கிவிடலாம் என்றார் வெல்டர். அங்கேதான் சண்டை வந்தது. வண்டியின் எண் சேஸிஸில் பொறித்திருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டால் மிஞ்சுவது எந்தக் கார் என்று பால் பண்ணைக்காரர் கேட்டார். குமாஸ்தா புத்தியில் நானும் அவர் பக்கம்தான். மாப்பிள்ளையோ, மகளை ஏற்றிப் போகிற வண்டி, ஓட்டையை ஒட்டுப் போட்டு ஓட்ட மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1990-களில் லா ஃபெர்தே-விதாம் என்ற ஊரில், சிட்ரோயன் சோதனைத் திடலில், ஒரு கொட்டகையின் பரண்மேல் 1939-ன் மாதிரி வண்டிகள் மூன்று கிடைத்தன. போரில் ஒளித்து வைத்தவை. கம்பெனி அவற்றைத் துடைத்துப் புதுப்பிக்கவில்லை. தூசியும் அரிப்புமாகக் கிடைத்த கோலத்திலேயே வைத்திருக்கிறது. அது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. அவை சாட்சிப் பொருட்கள். மாப்பிள்ளையின் வண்டி சந்தைக்குப் போக வேண்டியது. 1990 ஜூலையில் போர்ச்சுகலில் உற்பத்தி நிற்கும் வரை 38 லட்சத்துக்கும் மேல் செய்த கார், எல்லாமே கண்ணாடிப் பெட்டிக்குள் போக வேண்டியதில்லை.

இப்போது அது ஓடுகிறது. பழைய சேஸிஸைப் பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். எண் பொறித்த துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களும் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை கொடுக்கவில்லை. தோட்டத்துச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது, தங்கை அதன்மேல் அவரைக் கொடி ஏற்றியிருக்கிறாள்.