10-ம் எண் ஜெர்சி ஏன் யாருக்கும் கிடைப்பதில்லை?

இந்திய ஆண்கள் கிரிக்கெட் அணியில் நாளை நீங்களே தேர்வானாலும் 10-ம் எண் கிடைக்காது. ஏன்?

10 யாருடையது?

சச்சின் டெண்டுல்கருடையது. 2012 மார்ச் 18 அன்று மிர்பூரில், பாகிஸ்தானுக்கு எதிராகத் தன் கடைசி ஒருநாள் போட்டியை அவர் ஆடினார்.

2017-ல் என்ன ஆச்சு?

ஆகஸ்ட் 31, கொழும்பு. இலங்கைக்கு எதிராக அறிமுகமான 25 வயது ஷர்துல் தாக்கூரின் முதுகில் 10 இருந்தது. விதிப்படி தப்பே இல்லை. பிறந்த தேதியை (16-10-1991) கூட்டினால் 28, அதையும் கூட்டினால் 10 என்ற எண்கணித நம்பிக்கைதான் காரணம். ஆனால், சமூக வலைதளங்களில் ரசிகர்கள் வறுத்தெடுத்துவிட்டார்கள். பிறகு அவர் 54-க்கு மாறினார். அந்த ஆண்டே 10-ஐ யாருக்கும் தருவதில்லை என பிசிசிஐ முறைசாரா முடிவெடுத்தது. 2023 டிசம்பரில் தோனியின் 7-ம் இந்த வரிசையில் சேர்ந்தது.

கால்பந்தில் எப்படி?

மரடோனாவின் 10-க்கு ஓய்வு தர 2002 உலகக் கோப்பையின்போது அர்ஜென்டினா கேட்டது. வீரர்களுக்கு 1 முதல் 23 வரை வரிசையாக எண் தர வேண்டும் என்பதால் ஃபிஃபா மறுத்தது. அந்த 10 பிறகு மெஸ்ஸிக்கு வந்தது. 2022-ல் அதே எண்ணோடு அவர் கோப்பையைத் தூக்கினார்.

எது சரியான மரியாதை?

எண்ணைப் பூட்டி வைத்தால், புதுமுகங்கள் திட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால், இன்னொருவர் அதற்குப் புதுக் கதை எழுதவும் வழியில்லை. இன்னொன்று: டெஸ்ட் சட்டையில் எண் வந்ததே 2019-ல்தான். சச்சினின் 51 டெஸ்ட் சதங்களும் முதுகில் எண் இல்லாமல் அடித்தவை.