இரைச்சலின் வரலாறு

வானொலிப் பெட்டியின் திருகைச் சுழற்றி, இரைச்சலுக்கிடையே தமிழ்க் குரலைத் தேடிய நாட்களை, வெளி மாநிலங்களில் வாழ்ந்த நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இரைச்சல் நமக்குப் பகை. மின்சுற்றுகளை ஆராய்ந்த அறிஞர்களும் நெடுங்காலம் அவ்வாறே கருதினர்.

1927-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் வான் டெர் போல், வான் டெர் மார்க் என்னும் இருவர், நியான் விளக்கொன்றை மின்தேக்கியுடன் இணைத்து, அச்சுற்றின் அதிர்வைத் தொலைபேசிக் குழலில் காதுகொடுத்துக் கேட்டனர். மின்தேக்கியின் கொள்திறனைக் கூட்டக் கூட்ட, சுருதி படிப்படியாகத் தாவித் தாழ்ந்தது. ஒரு படியிலிருந்து மறுபடிக்குத் தாவுமுன் பலமுறை ஒழுங்கற்ற ஓசையொன்று எழுந்தது. அதனைத் துணை நிகழ்ச்சி என்று குறித்துவிட்டு அவர்கள் மேலே சென்றனர். கைக்கு வந்த புதையலைக் கல்லென்று எண்ணி நகர்ந்தனரே என்று இன்று நாம் வியக்கிறோம்.

1961-இல் ஜப்பானின் கியோத்தோ நகரில் ஆராய்ச்சி மாணவராயிருந்த உயேடா, அனலாக் கணிப்பொறியில் அத்தகைய ஒழுங்கின்மையைக் கண்டார். அது பொறியின் பிழையன்று என உலகம் ஏற்கப் பல்லாண்டுகள் ஆயின.

பெர்க்கிலிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லியோன் சுவாவோ, 1983-இல் டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருந்தபோது, ஒழுங்கின்மையை வேண்டுமென்றே விளைவிக்கும் எளிய சுற்றொன்றை வகுத்தார். துரத்தப்பட்ட விருந்தாளிக்கு வாயிற்கதவு திறந்தது எனலாம்.

இதே சுவா, மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி ஆகிய மூன்றோடு நான்காவது உறுப்பொன்றும் இருத்தல் வேண்டும் என 1971-லேயே எழுதியிருந்தார். முன்பு தன் வழியே ஓடிய மின்னோட்டத்திற்கேற்பத் தன் தடையை மாற்றிக்கொள்ளும் உறுப்பு அது. அவர் இட்ட பெயர் மெம்ரிஸ்டர். நாம் நினைவுத்தடை என்போம். 2008-இல் ஹியூலெட் பேக்கார்டு ஆய்வுக்கூடத்தார் டைட்டானியம் டையாக்சைடு மென்படலத்தில் அதனைக் கண்டதாக அறிவித்தனர்.

2010-இல் பரத்வாஜ் முத்துசுவாமியும் சுவாவும், ஒரு மின்தூண்டி, ஒரு மின்தேக்கி, ஒரு நினைவுத்தடை என மூன்றே உறுப்புகளை வரிசையாக இணைத்து ஒழுங்கின்மையைப் பெற்றுக் காட்டினர். அவர்தம் நினைவுத்தடை, வேறு மின்னணுப் பகுதிகளைக் கொண்டு அதன் இயல்போடு செய்யப்பட்டதே.

அச்சுற்றில் எப்பகுதியும் பழுதன்று. ஒவ்வொரு கணமும் முந்திய கணத்தின் விதிப்படியே பிறக்கிறது. ஆயினும் தொடக்கத்தில் மயிரிழை வேறுபாடு நேர்ந்தால், சிறிது பொழுதில் மின்னோட்டத்தின் போக்கே வேறாகிவிடுகிறது. ஆதலின் 'கேயாஸ்' என்பதைக் 'குழப்பம்' என்று மொழிபெயர்க்க நம் பேனா தயங்கிற்று. 'விதிக்குட்பட்ட ஒழுங்கின்மை' என்று எழுதினோம். நீளந்தான், எனினும் அடித்துவிட மனம் வரவில்லை.