பழவேற்காட்டுக்கு ஒரு நாள்

அம்பத்தூர் ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். ஆறு பேரும் ஓய்வு பெற்றவர்கள், ஆறு பேருக்கும் ஆளுக்கொரு மாத்திரை டப்பா. தை பிறந்ததும் எங்காவது ஒரு பழைய ஊரைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பவேண்டும் என்று பேச்சு வந்தது. ஒருவர் மாமல்லபுரம் என்றார். பேரப்பிள்ளைகளோடு அங்கே எத்தனை முறை போயாயிற்று! இன்னொருவர் புதுச்சேரி என்றார். அவர் எதற்காகச் சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியும். நான் பழவேற்காடு என்றேன்.

"அங்கே என்ன சார் இருக்கு? மீனும் கல்லறையும்தானே?" என்றார் வங்கியில் வேலை பார்த்த நண்பர்.

நடந்துகொண்டே பதில் சொன்னதில் மூச்சு வாங்கியது, பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சென்னைப் பட்டினம் என்ற பெயரே பிறக்காத காலத்தில் பழவேற்காடு கப்பல்கள் வந்து போகும் பெரிய துறைமுகம். விஜயநகர அரசின் முக்கியமான வாசல்களில் ஒன்று. முதலில் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். அங்குள்ள மகிமை மாதா ஆலயம் 1515-ல் தொடங்கியது என்பார்கள். பிறகு டச்சுக்காரர்கள். சந்திரகிரியில் இருந்து ஆண்ட வேங்கடபதி ராயரிடம் 1610-ல் அனுமதி வாங்கினார்கள். சாந்தோமில் இருந்த போர்ச்சுக்கீசியருக்கு இது பொறுக்கவில்லை, 1612-ல் வந்து அடித்து நொறுக்கினார்கள். மறு ஆண்டே டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டார்கள். அதன் பெயர் கெல்ட்ரியா, ஹாலந்தில் உள்ள கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக வைத்தது. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு அதுதான் தலைமையிடம். கோட்டைக்குள் வெடிமருந்துகூடத் தயாரித்தார்கள்.

இங்கிலீஷ்காரர்கள் சில காலம் அதே ஊரில் டச்சுக்காரர்களோடு ஒட்டுக்குடித்தனம் நடத்திப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. வடக்கே போய் ஆர்மகான் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோட்டை போட்டார்கள், வியாபாரம் படுத்துவிட்டது. நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் வேறு இடம் தேடிக் கரையோரமாகத் தெற்கே வந்தவர்தான் பிரான்சிஸ் டே.

இந்த இடத்தில் பூந்தமல்லி நண்பர் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கலாம். டேயுடன் பேச்சு நடத்தியவர் பூந்தமல்லியில் இருந்துகொண்டு இந்தக் கரையோரத்தை நிர்வகித்த தாமர்ல ஐயப்ப நாயக்கர். அவருடைய அண்ணன் வேங்கடப்ப நாயக்கர் வந்தவாசியில் இருந்தார். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர், தெற்கே சாந்தோமில் போர்ச்சுக்கீசியர், இருவருக்கும் ஓயாத சண்டை. நடுவில் ஒரு பட்டினத்தை வைத்து அந்தச் சண்டையை அடக்கவேண்டும் என்பது நாயக்கர்களின் எண்ணம் என்று அவர்கள் குடும்பத்தில் பிறந்த ஒருவர் எழுதிய உஷா பரிணயம் என்ற தெலுங்குக் காவியம் சொல்கிறது. தங்கள் தகப்பனார் சென்னப்பர் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். 1639-ல் பிறந்த சென்னப்பட்டினத்துக்குப் பழவேற்காடு ஒரு காரணம், பூந்தமல்லி இன்னொரு காரணம். ஆகஸ்டு மாதம் சென்னை தினம் கொண்டாடும்போது நம் பக்கத்து ஊர்களை யாராவது நினைக்கிறார்களா?

சரி, அங்கே டச்சுக்காரர்களுக்கு என்ன வேலை? துணி. ஜாவாவுக்குக் கிழக்கே உள்ள தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்தன. அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளிக் காசைவிட நம் கைத்தறித் துணியைத்தான் விரும்பிக் கேட்டார்கள். அதனால் இங்கே துணி வாங்கி, அங்கே வாசனைப் பொருளாக மாற்றி, ஐரோப்பாவில் விற்றார்கள். கட்டம் போட்ட பழவேற்காட்டுத் துணி கடல் கடந்து பெயர் வாங்கியது. மலேசியாவில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலெகாட்' என்றுதான் பெயர். பெலெகாட் என்பது நம் பழவேற்காடுதான். என் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிக்கொள்ளும் நீலக் கட்டம் போட்ட கைலியை 'பளையக்காட்' என்பார். ஏதோ கம்பெனியின் பெயர் என்று நாற்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் கேட்டிருக்கலாம்.

துணி மட்டும் ஏறியிருந்தால் இந்தக் கட்டுரையை இத்தோடு முடித்திருப்பேன். அதே துறைமுகத்தில் மனிதர்களையும் ஏற்றினார்கள். 1621-ல் பாண்டா தீவுகளில் ஊர்க்காரர்களைக் கொன்றும் துரத்தியும் முடித்த டச்சுக் கம்பெனிக்கு, ஜாதிக்காய்த் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் வேண்டியிருந்தது. இந்தக் கரையில் பஞ்சமோ போரோ வந்தால் ஆள் விலை இறங்கிவிடும். கஞ்சிக்கு வழியில்லாமல் தன்னையே விற்றவர்கள், பிள்ளையை விற்றவர்கள், பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் என்று 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து பல ஆயிரம் பேர் அடிமைகளாகக் கப்பலேறினார்கள். பழவேற்காடு அதில் ஒரு முக்கியமான துறை.

டச்சுக் கல்லறைத் தோட்டத்தை நான் ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு பேத்தியோடு பார்த்தேன். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசல் வளைவில் 1656 என்ற ஆண்டு. இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். பேத்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே எழுபதுக்கும் மேல் கல்லறைகள். பலகைக் கற்களில் டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் அவ்வளவு அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

"தாத்தா, இவங்க எல்லாரும் யாரு?" என்று கேட்டாள். கம்பெனி அதிகாரிகள், வியாபாரிகள், அவர்கள் குடும்பத்தார் என்றேன். "நம்ம ஊர்க்காரங்க கல்லு எங்கே?"

வெயில் ஏறிவிட்டது, வா போகலாம் என்று சொல்லி வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இந்தத் தடவை அவளும் வருகிறாள்.

கோட்டையைப் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 1795-ல் இங்கிலீஷ்காரர்கள் பிடித்து, சில வருடங்களில் இடித்தும்விட்டார்கள். 1825-ல் ஊரே அவர்கள் கைக்கு வந்துவிட்டது. நான் பார்த்தபோது முட்புதர் மூடிய மேடும் அகழியின் தடமும்தான் இருந்தன. மூட்டுவலிக்காரர்கள் அந்த மேட்டில் ஏறவேண்டாம்.

இனிப் பயண விவரம். காரில் போனால் செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டுச்சாலை, பொன்னேரி வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். ஆறு பேரும் பேத்தியும் ஒரே காரில் அடங்கமாட்டோம், ரயில்தான் சரி. அம்பத்தூரில் ஏறி பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துப் பொன்னேரியில் இறங்கவேண்டும். ஆவடி நண்பர் அதே வண்டியில் முன்னாலேயே ஏறி இடம் பிடித்துவைப்பார். பூந்தமல்லி நண்பர் பஸ்ஸில் அம்பத்தூர் வந்துவிடுவார். பொன்னேரியிலிருந்து பஸ். காலை ஆறு மணிக்குள் கிளம்பினால் வெயிலுக்கு முன் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிடலாம். அதற்கப்புறம் மகிமை மாதா ஆலயம், பிறகு ஏரிக்கரை. சில்கா ஏரிக்கு அடுத்து நம் நாட்டின் பெரிய உப்பங்கழி அதுதான். தை மாதத்தில் பூநாரைகள் வந்திருக்கும். அவற்றைப் பார்க்கும் ஆசையில் படகில் மட்டும் ஏறக்கூடாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். யார் வந்து ஆசை காட்டினாலும் கரையிலேயே நிற்போம் என்று எல்லோரிடமும் வாக்கு வாங்கிவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டிலிருந்து. மீன் வேண்டும் என்பவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளலாம். தொப்பி, தண்ணீர், மாத்திரை டப்பா அவரவர் பொறுப்பு. நான் ஒரு முழம் பூவும் எடுத்துக்கொள்ளப்போகிறேன். கல்லறைக்கா என்று வங்கி நண்பர் கேட்டார். இல்லை, தண்ணீரில் போட.

"அப்ப ரெண்டு முழமா வாங்குங்க சார்" என்றார்.